எந்தையாரின் தகரப் பெட்டி

‘அவசரக் கோலம் அள்ளித் தெளி’ என்பது நம் வீட்டு வாயில்களிலே பிறந்த பழமொழி. இதனை என் அன்னையார் என்னை நோக்கிப் பலகாலும் கூறக் கேட்டிருக்கின்றேன். ஆயினும் இதன் பொருள் என் நெஞ்சிற் பதிந்தது, சென்ற ஆனித் திங்களில் ஒரு பழைய தகரப் பெட்டிக்கு வர்ணம் தெளிக்கப் புகுந்தபோதுதான். பழமொழியிற் கூறியவாறே அள்ளித் தெளித்தேன். அவசரக் கோலத்தின் பயனையும் குறைவின்றி அடைந்தேன். அவ்வனுபவம் நம் கல்லூரி நண்பர் சிலர்க்கேனும் பயன்படும் என்னும் கருத்தால் இதனை எழுதத் துணிந்தேன்.

பெட்டி எந்தையாருடையது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம் கல்லூரிக்குப் படிக்க வந்த காலத்தில், அவர் தம் உடைமை முழுவதையும் இட்டு விடுதிக்குக் கொணர்ந்த டிரங்குப் பெட்டி அது. நிறம் கரும்பச்சை. மூடியின்மேல் வெள்ளை எனாமலால் அவர் பெயரும், அதன் கீழே விடுதி அறையின் எண்ணும் தூரிகை கொண்டு எழுதப் பெற்றிருந்தன. கல்வி முற்றி, உத்தியோகம் வாய்த்து, தியாகராய நகரில் அவர் குடியேறியபோது அப்பெட்டியும் உடன் வந்தது. கட்டிலின் கீழே தனக்கென ஓர் இடமும் பெற்றது.

இவ்விடத்தில் நாங்கள் வாழும் நகரைப் பற்றி ஒரு சொல் கூறுதல் வேண்டும். பனகல் பூங்காவும், உஸ்மான் சாலையும், கடைவீதிகளும் நெருங்கிய இப்பகுதி முன்னாளில் ஒரு நீண்ட ஏரியைச் சார்ந்து கிடந்தது. 1920-களில் அவ்வேரியைத் தூர்த்து, வீதி வகுத்து, சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரை அந்நகருக்குச் சூட்டினர். மேற்பரப்பு செவ்வையாகவே அமைந்தது. எனினும், அடியிலுள்ளதை நீர் மறப்பதில்லை. 2015-ஆம் ஆண்டின் பெருமழையில் எங்கள் கீழ்த்தளத்து வீட்டினுள் வெள்ளம் புகுந்து நின்றது. கட்டிலின் கீழிருந்த பெட்டியும் அதில் நின்றது. அன்று முதல் அதன் அடிப்புறம் துருவேறத் தொடங்கிற்று.

இவ்வாண்டு என் தங்கை மதுரையில் ஒரு கல்லூரியிற் சேர்ந்தாள். ‘இரங்கநாதன் தெருவிற்குச் சென்றால் சக்கரம் வைத்த புதுப் பெட்டி ஒன்றை அரைமணியில் வாங்கி வரலாம்’ என்றேன். அவளோ, ‘அப்பா விடுதிக்குக் கொண்டுபோன பெட்டியே எனக்கும் வேண்டும், அண்ணா, துருவைப் போக்கி நீலவர்ணம் பூசித் தந்தாற் போதும்’ என்றாள். இரண்டே நாளில் முடித்துத் தருவதாக யானும் வாக்களித்தேன்.

சனிக்கிழமை பிற்பகலில் இடியோடு மழை பெய்து ஓய்ந்தது. மாலையில் மொட்டைமாடிக்குப் பெட்டியை ஏற்றினேன். துருவை ஒருவாறு சுரண்டினேன், ஈரத்துணியால் துடைத்தேன், கடையில் வாங்கிய ஸ்பிரே டப்பாவைக் குலுக்கி, அழுத்தித் தெளித்தேன். முதலில் அஞ்சித் தொலைவில் நின்றேன். பின்னர், வர்ணம் பற்றவில்லை என்று எண்ணி மிக நெருங்கி நின்றேன். அரைமணி நேரத்திற்குள் கரும்பச்சை மறைந்து நீலமாயிற்று. என் கைத்திறனை நானே மெச்சிக்கொண்டு கீழே இறங்கினேன்.

மறுநாட் காலையில், சாய்ந்த இளவெயிலில் பெட்டியைக் கண்டபோது என் உள்ளம் சாம்பிற்று. மூடியின் ஒரு பாதியில், பனி மூடினாற்போல வெண்மை படர்ந்திருந்தது. ஒரு பக்கம் நாரத்தம்பழத்தின் தோல்போலக் குழிகுழியாய் இருந்தது. மற்றொரு பக்கம் வர்ணம் கண்ணீர்த் தாரையென வழிந்து உறைந்திருந்தது. இவை அனைத்தினும் என்னைத் திடுக்கிடச் செய்தது வேறொன்று. நீலவர்ணத்தின் அடியிலிருந்து, எழுத்துக்கு எழுத்து மேடு தோன்ற, எந்தையாரின் பெயர் எழுந்து நின்றது. நிறம் மறைந்தும் வடிவம் மறையவில்லை.

எங்கள் வீட்டிற்கு மேற்கே, இரயில் பாதைக்கு அப்பால், மேற்கு மாம்பலத்தில் இரும்புப் பீரோக்களுக்கும் மேஜைகளுக்கும் வர்ணம் தெளிக்கும் முதியவர் ஒருவர் உளர். பெட்டியை அவரிடம் கொண்டு சென்றேன். அவர் கண்ணாற் பார்ப்பதற்கு முன் உள்ளங்கையால் மூடியைத் தடவினார். பின்னர் நகைத்து, ‘தம்பி, வர்ணம் ஒரு குறையையும் மறைக்காது, உள்ளதை எல்லாம் எடுத்துக் காட்டிக்கொடுக்கும். பூசி முடித்த ஒரு பூச்சு, காய்ந்தபின் ஒரு தலைமயிரின் பருமன்கூட இராது. அது எந்தப் பள்ளத்தை நிரப்பும், எந்த மேட்டை மூடும்?’ என்றார்.

பின்பு ஒவ்வொரு குறைக்கும் காரணம் விளக்கினார். அவர் கூறியவற்றை என் சொல்லில் தருகின்றேன். வர்ணத்தைக் கரைத்து வைத்திருக்கும் திரவம் விரைந்து ஆவியாகும்போது, தான் படிந்த பரப்பின் வெப்பத்தையும் கவர்ந்து செல்கின்றது. குளிர்ந்த நீர் நிறைந்த எவர்சில்வர் செம்பின் புறத்தே நீர்த்துளி அரும்புவதுபோல, அவ்வாறு குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து வர்ணத்தோடு கலந்துவிடுகின்றது, அதுவே வெண்மூட்டம். கடற்கரைப் பட்டினமாகிய சென்னையில், அதிலும் மழை ஓய்ந்த மாலையில், இக்குறை எளிதில் நேரும். தொலைவில் நின்று தெளித்தால், துகள்கள் வழியிலேயே பாதி உலர்ந்து, ஒன்றோடொன்று கலந்து பரவமாட்டாமல் சொரசொரப்பாக நின்றுவிடும். நெருங்கி நின்றாலோ, தாங்குமளவிற்கு மேல் வர்ணம் சேர்ந்து வழியும். ‘ஒரு சாணுக்குச் சற்று மேலே, அதுதான் கணக்கு’ என்று தம் விரல்களை விரித்துக் காட்டினார் முதியவர்.

இத்தெளிப்பு முறையின் வரலாற்றைப் பின்னர் நூல்களிற் கற்று வியந்தேன். அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்து டொலீடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்னும் மருத்துவர், நோயாளிகளின் தொண்டையில் மருந்தைத் துகளாகச் செலுத்த ஒரு கருவி அமைத்தார். அவர் மைந்தர் தாமஸ், அதே நெறியைப் பின்பற்றி, 1907-ஆம் ஆண்டில் வர்ணம் தெளிக்கும் துப்பாக்கியை ஆக்கினார். 1923-இல் வெளிவந்த ‘டூக்கோ’ என்னும் விரைந்துலரும் வர்ணம் இக்கருவியோடு சேர்ந்தபின், வாரக்கணக்கில் தூரிகையால் பூசி உலர்த்தப்பட்ட மோட்டார் வண்டிகள் சின்னாட்களில் நிறம் பெறலாயின. டப்பாவில் அழுத்தத்தோடு அடைத்த வர்ணம் 1949-இல் இல்லினாய் மாகாணத்து எட்வர்டு சீமோர் என்பவரால் அமைந்தது. தொண்டை மருந்தில் தொடங்கிய விஞ்ஞானம் என் தங்கையின் பெட்டி வரை வந்திருப்பதை எண்ணி மகிழ்ந்தேன். ஆயினும், கருவி விரைந்து செய்வது தெளித்தலை மட்டுமே. தெளிப்பதற்கு முன் செய்யவேண்டியவற்றை எக்கருவியும் நமக்காகச் செய்து தருவதில்லை.

அவ்வேலைகள் யாவை? நீலப் பூச்சை முற்றும் நீக்கினேன். துருவேறிய இடத்தை 80-ஆம் எண் உப்புத்தாளாலும், பின் 220-ஆம் எண்ணாலும் தேய்த்துப் பளபளக்கும் தகடு காணச் செய்தேன். எண் மிக மிக, தாளின் மணல் நுண்ணிதாகும். நெளிவுகளிற் பட்டி அப்பி, காய்ந்தபின் சமமாகத் தேய்த்தேன். பழைய வர்ணத்தை மட்டும் உலர்ந்த தாளால் தேய்க்கலாகாது என்று முதியவர் தடுத்திருந்தார். முற்கால வர்ணங்களில் ஈயம் கலந்திருத்தல் கூடும். அதன் தூசி மூச்சிற் கலப்பது பெருந்தீங்கு, சிறு குழந்தைகட்கு மிகப் பெருந்தீங்கு. வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2016-இல் வெளியாகி, 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. எந்தையாரின் பெட்டி அதற்கு மிகவும் முற்பட்டது. ஆகவே முகக்கவசம் அணிந்து, வாட்டர் பேப்பரை நீரில் நனைத்துத் தேய்த்து, வழிந்த சேற்றைத் துணியில் ஒற்றித் தனியே கட்டி அகற்றினேன்.

பக்கங்கள் நான்கும் முடிந்தன. மூடியின் நடுவிடம் மட்டும் எஞ்சியது. பெயர் எழுதிய இடத்திற்கு வந்தபோது என் கை தயங்கிற்று. எந்தையார் வாயிற்படியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ‘அப்பா, இந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் விட்டுவிடலாமே, மேடு தெரிந்தாலும் தெரியட்டும்’ என்றேன். அவர் சற்றுநேரம் விடை கூறவில்லை. பின்பு எழுந்து வந்து, என் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டு தரையில் அமர்ந்தார். ‘பாதி வழவழப்பும் பாதி மேடுமாக விட்டால், பெட்டிக்கும் மரியாதை அன்று, பெயருக்கும் மரியாதை அன்று. விடுதிக்குப் போகிறவள் அவள். அவள் பெயர் நிற்பதற்கு இடம் சமமாக இருக்க வேண்டாமா?’ என்று கூறித் தம் கையாலேயே தேய்க்கத் தொடங்கினார்.

நீரை மெல்லத் தெளித்து, வட்டமாய்த் தாளைச் சுழற்றினார். வெள்ளை எழுத்துக்கள் பால்போற் கரைந்தன. அவற்றைச் சூழ்ந்து பச்சை மெலிந்தது. அதன் கீழே செங்காவிப் பூச்சு வளையம் வளையமாய்த் தோன்றிற்று. முதலிற் பெயர் மறைந்தது. அறையின் எண்ணுக்கு வந்தபோது ஒருமுறை கை நின்றது. அந்த அறையில் உடனிருந்த நண்பர் இருவரின் பெயரைத் தமக்குள்ளே சொல்லிக்கொண்டார். பின்பு மீண்டும் தேய்த்தார். அதுகாறும், வழவழப்பு என்பது வர்ணத்தைச் சேர்ப்பதனால் வருவது என்றே எண்ணியிருந்தேன். நீக்கவேண்டியதை நீக்குவதனால் வருவது என்று அன்றே அறிந்தேன். நீக்குவது எளிதன்று என்றும் அறிந்தேன்.

எஞ்சிய வேலை பொறுமையொன்றையே வேண்டியது. தின்னர் நனைத்த துணியால் கைப்பட்ட எண்ணெய்ப் பசையைத் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு பூச்சு தெளித்து, காய்ந்தபின் 400-ஆம் எண் தாளால் நீர்விட்டு மென்மையாகத் தேய்த்தேன். மழையற்ற ஒருநாள், பனிப்பதம் நீங்கிய முற்பகலைத் தேர்ந்தேன். தூசி எழாவண்ணம் தரையில் நீர் தெளித்தேன். டப்பாவினுள் இருக்கும் குண்டு கலகலவென ஒலிக்கத் தொடங்கியபின்னும் இரண்டு நிமிடம் குலுக்கினேன். ஒரு பழைய அட்டையில் தெளித்துப் பார்த்த பின்னரே பெட்டியை அணுகினேன்.

விசிறி வீசுவதுபோல் மணிக்கட்டைத் திருப்பலாகாது. கை முழுதும் பரப்பிற்கு இணையாக நேரே செல்லவேண்டும். ஓரத்திற்கு வெளியே தொடங்கி, மறு ஓரத்திற்கு வெளியே நிறுத்தவேண்டும். ஒவ்வொரு வரியும் முன் வரியின் பாதியைத் தழுவிச் செல்லவேண்டும். அன்னையார் கோலத்தின் இழையை இழுக்கும்போது அவர் கை இடையில் நிற்பதில்லை. நின்றால் அவ்விடத்தில் மாவு குவியும். வர்ணத்திற்கும் அதுவே விதி என்பதை அப்போது உணர்ந்தேன். முதற் பூச்சில் அடிநிறம் தெரிந்தாலும் தெரியட்டும் என்று விட்டேன். டப்பாவில் அச்சிட்டிருந்த கால அளவின்படி மெல்லிய பூச்சுக்கள் மூன்றினை இட்டேன். அக்கால அளவு தவறி அடுத்த பூச்சைத் தெளித்தால், அடியிலுள்ளது நெகிழ்ந்து சுருங்கிவிடும். பின்பு இரண்டு நாள் பெட்டியைத் தொடவேயில்லை. இரண்டு நாளில் முடிப்பதாகச் சொன்ன வேலைக்குப் பதினொரு நாள் ஆயின.

என் தங்கையின் பெயரை மேற்கு மாம்பலத்து முதியவரே வெள்ளை எனாமலால் எழுதித் தந்தார். அறையின் எண் இன்னும் தெரியாமையால், பெயரின் கீழே அதற்கு இடம் விட்டு வைத்தார்.

மதுரைக்குப் புறப்படும் இரவில், எழும்பூர் நிலையத்தில் பெட்டியை வண்டியில் ஏற்றினோம். எந்தையார் பெட்டியின் அருகே சற்று நின்றார். பின்பு, அம்முதியவர் செய்ததுபோலவே, உள்ளங்கையால் மூடியை ஒருமுறை மெல்லத் தடவிப் பார்த்தார். புதிதாய் எழுதிய பெயரைத் தவிர வேறொன்றும் கையில் தட்டுப்படவில்லை. ‘நன்றாக வந்திருக்கிறது’ என்று கூறி, வண்டியினின்றும் இறங்கினார்.