பாரந்தூக்கி போன பிறகு

நம் ஒலுவில் துறைமுகத்தைக் கட்டியது டென்மார்க் கம்பெனி. கடன் தந்ததும் அந்த நாடுதான். அதன் தலைநகரிலிருந்து பாலத்தில் கடல் தாண்டினால் சுவீடனின் மால்மோ. அங்குள்ள மேற்குத் துறைமுகம் ஒரு காலத்தில் கொக்கும்ஸ் கப்பல் தளம். 1986இல் வணிகக் கப்பல் கட்டுவதைக் கைவிடத் தீர்மானித்தார்கள். போன ஆலைக்குப் பதில் இன்னோர் ஆலை என்று அரச உதவியோடு 1989இல் சாப் கார்த் தொழிற்சாலை வந்தது. 1991இல் அதுவும் மூடப்பட்டது. ஊருக்கே அடையாளமாக நின்ற ராட்சதப் பாரந்தூக்கியைத் தென்கொரியாவின் ஹுண்டாய் வாங்கியது, விலை ஒரு டொலர். இன்று வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பது 190 மீற்றர் உயரத்துக்கு முறுக்கிவிட்டாற்போல நிற்கும் டேர்னிங் டோர்சோ கோபுரத்தை. மால்மோவை மீட்டது அதுதான் என்பது ஆண்டுகளைப் பார்க்காத பேச்சு. பழைய துறைமுக நிலத்தில் பல்கலைக்கழகம் 1998இல் வந்தது, பாலம் 2000இல், வீடமைப்புக் கண்காட்சி 2001இல். கோபுரம் 2005இல்தான்.

அவர்கள் தேடிக் கொண்டுவந்த பல்கலைக்கழகம் நமக்கு 1995இலேயே கிடைத்துவிட்டது. ஆனாலும் 2013இல் திறந்த துறைமுகத்துக்கு நாம் செய்துவருவது சாப் வைத்தியம்தான்: வாயில் மணல் அடைக்கும், தோண்டுவோம், மறுபடி அடைக்கும். நம் கரையில் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுபோகிறது. அலைத்தடுப்புச் சுவர் அதை மறிப்பதால் தெற்கே மணல் குவிய, வடக்கே நிந்தவூர் வரை தென்னைகள் கடலில் சரிகின்றன. தோண்டும் மணல் வடகரைக்குப் போகாதவரை தோண்டுவது பணத்தைக் கடலில் கொட்டுவதுதான்.

கொக்கும்ஸ் நூறாண்டுக்கு மேல் சோறு போட்ட இடம், ஒலுவில் துறைமுகம் சரியாக ஓடவே இல்லையே என்று கேட்பீர்கள். உண்மை. அதனால்தான் வணிகக் கப்பல் வரும் என்ற கனவை விடுவது நமக்குச் சுலபமாக இருக்க வேண்டும். மீனவரை விரட்டிவிட்டு ஹோட்டல் கட்டச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. மீன்பிடித் துறை இருக்கட்டும், பலநாள் படகுகளுக்கு அது வேண்டும். வணிகப் பகுதியின் காணியும் கட்டடங்களும்தான் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். கரையரிப்பை அளக்கவும், படகு இயந்திரம் பழுதுபார்க்கப் பழக்கவும், மீன் பதனிடவும் அங்கே இடமுண்டு. பொறியியல் பீடம் பக்கத்திலேயே இருக்கிறது.

மால்மோவின் புது வீடுகள் வசதியானவர்களுக்குத்தான் கட்டுப்படியாகின; குடியேறிகள் நிறைந்த ரூசென்கோர்டுக்கு அந்தச் செழிப்பு பெரிதாகப் போய்ச் சேரவில்லை. இந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் மறுப்பில்லை. ஆகவே ஒலுவிலில் எந்தத் திட்டம் வந்தாலும், துறைமுகத்துக்குக் காணி கொடுத்தவர்களின் நட்டஈட்டுக் கணக்கும், வடகரையில் வளவை இழந்தவர்களின் கணக்கும் முதலில் தீர வேண்டும்.