புரதமும் மரபணுவும் ஒரே மேசையில்

நுரையீரலில் கட்டி என்று சந்தேகம் வந்ததும் சி.டி. ஸ்கேன் துணையோடு ஊசி செலுத்தி எடுக்கும் திசு, ஒடித்துப் போட்ட சேமியா மாதிரி இரண்டு மூன்று துணுக்குகள்தான். பிராங்கோஸ்கோப் வழியாக எடுத்தால் இன்னும் சிறிது. போதாவிட்டால் மறுபடி குத்தலாமே என்று சொல்லிவிடலாம். மூச்சு வாங்கும் நோயாளிக்கு, நுரையீரலிலிருந்து காற்று கசியும் அபாயத்தோடு, அதை இன்னொரு முறை செய்வது சாதாரண விஷயமில்லை. அதனால் பதாலஜி மேசைக்கு வரும் ஒவ்வொரு துணுக்கையும், இனி இந்த நோயாளியிடமிருந்து திசு வராது என்று நினைத்தே கையாளுகிறேன்.

ஒரு காலத்தில் அதில் புற்றுநோய் இருக்கிறதா, சிறு செல் வகையா, வேறா என்று சொன்னால் எங்கள் வேலை முடிந்தது. 2004-ல் ஈஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு ஜெஃபிடினிப் மாத்திரை நன்றாக வேலை செய்வது தெரிந்தது. 2007-ல் ஜப்பானில் ஹிரோயுகி மானோவின் குழு, இஎம்எல்4, ஏஎல்கே என்ற இரு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு கட்டியை வளர்ப்பதைக் கண்டுபிடித்தது. பிறகு ராஸ்1, பிராஃப், மெட், ரெட், கேராஸ் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. துணுக்கின் அளவு மட்டும் மாறவில்லை.

இந்தக் கேள்விகளுக்கு இரண்டு வழிகளில் பதில் தேடுகிறோம். புரதப் பரிசோதனையில், மெல்லிய திசுச் சீவல் மீது குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்றுகிறோம். புரதம் இருக்கும் செல் பழுப்பாகிறது. எந்த செல் பழுப்பானது என்பதை மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்க்கலாம். மரபணுப் பரிசோதனைக்குத் திசுவைச் சுரண்டி, கரைத்து, டிஎன்ஏ-வைப் படிக்க வேண்டும். எழுத்துப் பிழை துல்லியமாகத் தெரியும். அது எந்த செல்லிலிருந்து வந்தது என்பது தெரியாது.

எனவே சுரண்டுவதற்கு முன்பு ஒரு ஸ்லைடில் கட்டி செல்கள் உள்ள இடத்தைப் பேனாவால் வட்டமிடுகிறேன். டெக்னீஷியன் அந்த வட்டத்துக்குள் மட்டும் சுரண்டுவார். சுற்றிலும் வெள்ளணுக்களும் இயல்பான நுரையீரல் செல்களும் இருக்கின்றன. அவற்றின் டிஎன்ஏ கலந்தால் கட்டியின் குரல் அமுங்கிவிடும். நூறு செல்லில் குறைந்தது இருபது கட்டி செல்லாக இருந்தால் பெரும்பாலான பரிசோதனைகளுக்கு நிம்மதி. ஐந்தே இருக்கும் திசுவிலிருந்து ‘மாற்றம் எதுவும் இல்லை’ என்று வரும் ரிப்போர்ட்டை நான் நம்ப மாட்டேன். அந்த விகிதத்தை ரிப்போர்ட்டிலேயே எழுதிவிட வேண்டும்.

திசு வீணாவது பெரும்பாலும் அதைச் சீவும் மைக்ரோடோமில்தான். ஒவ்வொரு முறை திசு பதிந்த பாரஃபின் பிளாக்கை மாட்டும்போதும் முகத்தைச் சமன்செய்யவே பல சீவல்கள் போய்விடும். அதனால் நுரையீரல் பயாப்ஸி என்றால் நான்கு மைக்ரான் தடிமனில் தேவையான அத்தனை சீவல்களையும் ஒரே தடவையில் வெட்டி வைக்கச் சொல்கிறேன். வகை பிரிக்க டிடிஎஃப்-1, பி40 என்ற இரண்டு ஆன்டிபாடிகளும் அநேகமாகப் போதும். பழக்கத்தில் பத்து ஆன்டிபாடி கேட்பது, மரபணுவுக்கு ஒதுக்க வேண்டிய திசுவைத் தின்றுவிடும்.

இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் இந்த வேலையின் ஆழம் புரியும். ஏஎல்கே புரதம் பெரியவர்களின் இயல்பான நுரையீரலில் உருவாவதில்லை. மரபணு ஒட்டிக்கொண்டால் கட்டி செல்லின் சைட்டோபிளாசம் முழுக்க அடர்ந்த, மணல்மணலான பழுப்பு நிரம்புகிறது. டி5எஃப்3 என்ற ஆன்டிபாடியைக் கொண்டு செய்யும் இந்தப் பரிசோதனையை, மருந்து கொடுக்கப் போதுமான ஆதாரம் என்று அமெரிக்காவின் எஃப்டிஏ 2015-ல் ஏற்றது. சில சமயம் ஸ்லைடு இப்படிப் பழுப்பேறிக் கிடக்க, டிஎன்ஏ ரிப்போர்ட்டில் ‘ஏஎல்கே இல்லை’ என்றிருக்கும். அப்போது முதலில் ஸ்லைடையே மறுபடி பார்ப்பேன். சளி நிரம்பிய செல்களும் மேக்ரோஃபேஜ்களும் ஏமாற்றக்கூடியவை. பழுப்பு கட்டி செல்லில்தான் என்று உறுதியானால், மரபணு உடைந்த இடம் அந்த டிஎன்ஏ பரிசோதனை படிக்காத பகுதியில் இருந்திருக்கலாம். ஆர்என்ஏ-வைப் படிக்கச் சொன்னால் ஒட்டு தெரிந்துவிடும்.

ராஸ்1-ல் கதை வேறு. சீண்டப்பட்ட சாதாரண நுரையீரல் செல்லும் பழுப்பாகும் என்பதால் அது வெறும் சந்தேகம். ஃபிஷ் என்ற மரபணுப் பரிசோதனை அல்லது ஆர்என்ஏ மூலம் உறுதிசெய்தே தீர வேண்டும். ஈஜிஎஃப்ஆர் மாற்றங்களுக்கென்றும் ஆன்டிபாடிகள் உண்டு. அவை தவறவிடும் மாற்றங்கள் பல என்பதால் அங்கே மரபணுவின் சொல்லே முடிவு.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது பிடி-எல்1. இதுவும் புரதப் பரிசோதனைதான்; குறைந்தது நூறு கட்டி செல்கள் வேண்டும். இரண்டொரு நாளில் முடிவு வந்துவிடும். ஐம்பது சதவீதத்துக்கு மேல் என்றால் இம்யூனோதெரபி தொடங்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். மரபணு ரிப்போர்ட்டோ ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வரும். ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே மாற்றம் உள்ள கட்டிகளில் பிடி-எல்1 எவ்வளவு உயர்ந்திருந்தாலும் இம்யூனோதெரபி பெரும்பாலும் பலன் தருவதில்லை. அதைக் கொடுத்த கையோடு, ஈஜிஎஃப்ஆர் மாற்றத்துக்கான ஒசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால் கடுமையான நுரையீரல் அழற்சி வரும் அபாயமும் கூடுகிறது. புகைபிடிக்காத பெண்களின் அடினோகார்சினோமாவில் ஈஜிஎஃப்ஆர் மாற்றம் அதிகம் காணப்படும் நம் நாட்டில் இது அன்றாடம் எதிர்ப்படும் விஷயம். அதனால் பிடி-எல்1 ரிப்போர்ட்டின் அடியில், மரபணு முடிவு நிலுவையில் உள்ளது, இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று எப்போதும் எழுதுகிறேன். ஆன்காலஜிஸ்ட்டுக்கு போன் போட்டும் சொல்லிவிடுவேன்.

இத்தனையும் பயாப்ஸி அறையில் முதல் ஐந்து நிமிடத்தில் நடப்பதைப் பொறுத்தது. திசு உடனே பத்து சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் விழ வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். நாள்கணக்கில் ஊறிய திசுவில் டிஎன்ஏ துண்டாகிறது, இல்லாத மாற்றங்களும் இருப்பதுபோல் தோன்றுகின்றன. எலும்புக்குப் பரவிய கட்டியை ஆசிட்டில் மென்மையாக்கினால் டிஎன்ஏ போச்சு. இடிடிஏ மெதுவாக வேலை செய்தாலும் அதுதான் சரி.

வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்றால் இரண்டைச் செய்யுங்கள். சிகிச்சை தொடங்கும் முன் மரபணு ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். காத்திருக்க முடியாத நிலை என்றால் அவரே சொல்வார். வேறு மருத்துவமனைக்குப் போகும்போது ரிப்போர்ட்டும் ஸ்லைடும் போதாது, பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.