ஓடிப் பிழைக்கும் ஊர்

கென்யாவின் மலைவிளிம்பில் உள்ள சிற்றூர் இட்டென். இங்கு குவிந்த பதக்கங்களின் ரகசியத்தை வெளியுலகம் ரத்தத்தில் தேடுகிறது. ஊரின் செம்மண் சாலைகளில் தெரிவது வேறு கணக்கு.

எல்டோரெட் நகரிலிருந்து மடாட்டு எனப்படும் ஷேர் வேனில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இட்டென் வந்துவிடும். வழியெங்கும் மக்காச்சோளக் கொல்லைகள், மேயும் மாடுகள், தகரக் கூரை வீடுகள். ஊர் எல்லையில் சாலைக்குக் குறுக்கே ஒரு வளைவு நிற்கிறது. இது சாம்பியன்களின் ஊர் என்று அறிவித்து வருகிறவர்களை வரவேற்கிறது. இந்தியாவில் இப்படிப்பட்ட வளைவுகளில் எழுதியிருப்பதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் படிக்க வேண்டும். இங்கே அது தேவையில்லை.

வளைவைத் தாண்டினால் சாதாரணமான கடைத்தெரு. பலசரக்குக் கடைகள், செல்போன் மூலம் பணம் அனுப்பும் கடைகள், பழைய துணிகளையும் காலணிகளையும் குவித்து வைத்திருக்கும் நடைபாதை வியாபாரிகள். கடைத்தெரு முடிகிற இடத்தில் பூமியும் முடிந்துவிட்டது போலிருக்கிறது. எல்கேயோ மலைச்சரிவு ஆயிரம் மீட்டருக்கும் மேல் செங்குத்தாக இறங்க, கீழே புகைமூட்டத்தில் கேரியோ பள்ளத்தாக்கு கிடக்கிறது. ஊரின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர். ஊட்டியைவிடக் கொஞ்சம் அதிகம். இங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். புதிதாக வருபவருக்கு விடுதி மாடிப்படி ஏறினாலே இரைக்கும்.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர் என்பதால் ஆண்டு முழுவதும் காலை ஆறரை மணிவாக்கில்தான் சூரியன் உதிக்கிறது. அதற்கு முன்பே சாலைகளில் காலடிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். பத்துப் பேர், இருபது பேர் கொண்ட கூட்டங்கள் இருட்டிலிருந்து வெளிப்பட்டு மறைகின்றன. பள்ளிக்குப் போகும் குழந்தைகள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். யாரும் நின்று பார்ப்பதில்லை, கை தட்டுவதில்லை. கறவைக்காரர் போவதைப் போல இதுவும் ஊரின் அன்றாடம். பத்து மணிக்கு இன்னொரு ஓட்டம். தீவிரமாகப் பயிற்சி செய்பவர்களுக்கு மாலையிலும் ஒன்று உண்டு. இடையில் சாப்பாடு, பால் கலந்த சாயா, தூக்கம். வேறு வேலை கிடையாது. வேறு வேலை இல்லை என்பதும் உண்மைதான்.

வியாழக்கிழமை காலை ஊரே ஒன்றுசேர்கிறது. மண்சாலை ஒன்றின் முனையில் நூற்றுக்கணக்கானவர்கள் கூடுகிறார்கள். ஒருவர் அன்றைய கணக்கைச் சொல்வார்: இத்தனை நிமிடம் வேகம், இத்தனை நிமிடம் மெதுவாக, இத்தனை தடவை. கைக்கடிகாரங்கள் ஒலித்ததும் செம்புழுதி எழும்புகிறது. அந்தக் கூட்டத்தில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர் இருக்கலாம். போன வாரம் கிராமத்திலிருந்து வந்து, இரவல் காலணியில் ஓடும் பையனும் இருக்கலாம். கட்டணம் இல்லை, அனுமதிச் சீட்டு இல்லை. முடிந்தவரை ஒட்டிக்கொண்டு ஓடலாம். முடியாதவர் பின்தங்கி, அடுத்த வியாழக்கிழமை மறுபடி வருவார்.

இந்தச் சாலைகளின் கதை உலகுக்குத் தெரியவந்தது 1968ல். ஊட்டியின் உயரத்திலேயே இருக்கும் மெக்சிகோ நகரில் ஒலிம்பிக் நடந்தது. நஃப்தாலி தெமு 10,000 மீட்டரில் வென்று கென்யாவின் முதல் தங்கத்தைப் பெற்றார். பித்தப்பைக் கோளாறால் அவதிப்பட்டுக்கொண்டிருந்த கிப் கெய்னோ, 1,500 மீட்டரில் அமெரிக்காவின் ஜிம் ரியுனைச் சுமார் இருபது மீட்டர் பின்தள்ளினார். 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் எனும் தடை தாண்டும் ஓட்டத்தில் ஏமஸ் பிவோட் வென்றார். அன்று முதல் 2016 வரை கென்யா கலந்துகொண்ட எல்லா ஒலிம்பிக்கிலும் ஸ்டீபிள்சேஸ் தங்கம் அந்த நாட்டுக்கே போனது. மொத்தம் பதினொன்று. புறக்கணிப்பு காரணமாக 1976லும் 1980லும் கென்யா போகாததால்தான் மற்றவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது.

இவர்களில் பெரும்பாலோர் ரிஃப்ட் பள்ளத்தாக்கை ஒட்டிய மேட்டுநிலத்தில் வாழும் கலெஞ்சின் மக்கள். நந்தி, கிப்சிகிஸ், கெய்யோ, மரக்வெட் என்று பல பிரிவுகள். கென்ய மக்கள்தொகையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் இவர்கள். இவ்வளவு சிறிய கூட்டத்திலிருந்து இத்தனை வீரர்கள் என்றதும் விளக்கங்கள் வரிசை கட்டி வந்தன. மாடு மேய்த்த பரம்பரை, வலி பொறுக்கப் பழக்கும் சடங்குகள், மெல்லிய கெண்டைக்கால், மக்காச்சோள உணவு, எல்லாவற்றுக்கும் மேலாக ரத்தம்.

சிலவற்றில் உண்மை உண்டு. உயரமான இடத்தில் வளரும் உடல் சிவப்பணுக்களை அதிகம் உற்பத்தி செய்கிறது. 1990களில் கோபன்ஹேகனில் பணியாற்றிய பெங்க்ட் சால்டினின் குழு கென்ய வீரர்களை ஸ்காண்டிநேவிய வீரர்களுடன் ஒப்பிட்டது. உடல் உள்வாங்கக்கூடிய பிராணவாயுவின் உச்ச அளவில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அதே வேகத்தில் ஓட கென்யர்கள் குறைவாகவே செலவழித்தார்கள். லிட்டருக்கு அதிக கிலோமீட்டர் தரும் வண்டி போல. மெல்லிய கால்கள் இதற்கு ஒரு காரணம். குழந்தைப் பருவத்திலிருந்தே நடந்தும் ஓடியும் பள்ளிக்குப் போனது இன்னொன்று. ஆனால் வெற்றிக்குரிய மரபணுவைத் தேடிப் போன யானிஸ் பிட்சிலாடிஸ் போன்ற ஆய்வாளர்கள், அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லித் திரும்பினார்கள்.

உயரம் மட்டும் போதுமென்றால் லே, லாசா, லா பாஸ் எல்லாம் மராத்தான் வீரர்களால் நிரம்பி வழிய வேண்டும். பரம்பரைதான் காரணம் என்பவர்களுக்கு ஒரு பழைய கதை பதில் சொல்லும். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரின் மூன்று பதக்கங்களையும் ஒரே நாடு அள்ளிச் சென்றது. அது ஃபின்லாந்து. ஹன்னஸ் கொலெமைனன், ஒன்பது தங்கம் வென்ற பாவோ நூர்மி என்று கால் நூற்றாண்டு அவர்கள் ராஜ்யம்தான். குளிர், காடு, வடக்கத்திய இனத்தின் உறுதி என்று அப்போதும் விளக்கங்களுக்குப் பஞ்சமில்லை. பிறகு பதக்கங்கள் வேறு பக்கம் போயின. ஃபின்லாந்துக்காரர்களின் ரத்தம் அதற்குள் மாறிவிடவில்லை.

இட்டெனில் மாறியது என்ன என்று தேடினால் ஒரு பள்ளிக்கூடம் கண்ணில் படும். செயின்ட் பேட்ரிக்ஸ் உயர்நிலைப் பள்ளி. 1976ல் அயர்லாந்திலிருந்து கத்தோலிக்கத் துறவி ஒருவர் பூகோளம் கற்பிக்க அங்கே வந்தார். பிரதர் கோம் ஓ'கானல் என்ற அவருக்குத் தடகளப் பயிற்சியில் அனுபவம் கிடையாது. பையன்கள் ஓடுவதைப் பார்த்தே கற்றுக்கொண்டார். அந்தப் பள்ளியில் படித்த பீட்டர் ரோனோ 1988 சியோலில் 1,500 மீட்டர் தங்கம் வென்றார். மாத்யூ பிரிர் 1992 பார்சிலோனாவில் ஸ்டீபிள்சேஸ் தங்கம் வென்றார். பள்ளிக்கு வெளியிலிருந்தும் சிறுவர் சிறுமியர் வரத் தொடங்கினார்கள். அப்படி வந்தவர்தான் டேவிட் ருடிஷா. 2012ல் லண்டனில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தவர். அவர் மசாய் இனத்தவர். தாய் வழியில்தான் கலெஞ்சின்.

எத்தியோப்பியாவிலும் இதே கதைதான். பெக்கோஜி என்ற மலையூரில் செந்தாயெஹு எஷெத்து என்ற பள்ளி ஆசிரியர் சேர்த்த பிள்ளைகளில் டெரார்ட்டு துலு, கெனெனிசா பெகெலே, திருனெஷ் டிபாபா ஆகியோர் இருந்தார்கள். மூவரும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள். மலை எப்போதும் அங்கேயேதான் இருந்தது. வாத்தியார் வந்த பிறகுதான் பதக்கம் வந்தது.

மற்றதைப் பசி பார்த்துக்கொண்டது. ஒரு கென்யரின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 2,000 டாலர். சிகாகோ மராத்தானில் முதலிடத்துக்குப் பரிசு ஒரு லட்சம் டாலர். அந்தப் பணம் நிலமாகவும் மாடாகவும் எல்டோரெட்டில் கட்டடமாகவும் மாறுவதைப் பையன்கள் கண்ணால் பார்க்கிறார்கள். ஜெயித்தவர் எங்கோ தொலைக்காட்சியில் தெரியும் மனிதர் அல்லர். பக்கத்து வீட்டு அண்ணன். அவரால் முடியுமென்றால் என்னாலும் முடியும் என்று நம்பி நாலைந்து பேர் ஓர் அறையை வாடகைக்கு எடுக்கிறார்கள். உகாலி என்ற மக்காச்சோளக் களியைக் கிண்டிக் கீரையோடு சாப்பிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்தக் கீரைக்கு ஸ்வாஹிலியில் பெயர் சுகுமா விகி. வாரத்தை ஓட்டு என்று பொருள். சப்பாத்தி விசேஷ நாள் பலகாரம்.

காத்திருப்பவர்களில் வெளிநாட்டு ஏஜென்ட் கண்ணில் படுபவர்கள் மிகச் சிலர். சிலர் அடுத்தவருக்கு வேகம் பிடித்துக் கொடுக்கும் கூலி ஓட்டக்காரர்களாகிறார்கள். சிலர் நாட்டையே மாற்றிக்கொள்கிறார்கள். 2002 காமன்வெல்த் போட்டியில் கென்யாவுக்காக ஸ்டீபிள்சேஸ் தங்கம் வென்ற ஸ்டீபன் செரோனோ, மறு ஆண்டு சைஃப் சயீத் ஷாஹீன் என்ற பெயரில் கத்தாருக்காக உலகப் பட்டம் வென்றார். மிச்சமுள்ளவர்கள் முப்பது வயதில் கொல்லைக்கோ மடாட்டு ஓட்டவோ திரும்புகிறார்கள். பிறவியிலேயே வந்தது என்று சொல்லும்போது வென்றவரின் உழைப்பு மறைந்துபோகிறது. இவர்களோ கணக்கிலேயே வருவதில்லை.

பணம் வந்த வழியில் வேறு சிலவும் வந்தன. சிவப்பணுக்களைப் பெருக்க உடல் தானே சுரக்கும் பொருளுக்கு ஈ.பி.ஓ. என்று பெயர். மலை இலவசமாகத் தருவதையே சிலர் ஊசியில் விலைக்கு வாங்கினார்கள். பாஸ்டன் மராத்தானில் வென்ற ரீட்டா ஜெப்டூ, 2016 ரியோ மராத்தான் தங்கம் வென்ற ஜெமிமா சும்கோங், 2008 ஒலிம்பிக் சாம்பியன் ஆஸ்பெல் கிப்ரோப் எல்லோரும் ஈ.பி.ஓ. சோதனையில் சிக்கித் தடை பெற்றார்கள். 2022ல் நாடே சர்வதேசத் தடையின் விளிம்புக்குப் போனது. ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 50 லட்சம் டாலர் செலவழிப்பதாக அரசு வாக்களித்துத் தப்பியது. மராத்தானை 2 மணி 10 நிமிடத்துக்குள் ஓடிய முதல் பெண்ணான ரூத் செப்ங்கெடிச்சும், அந்தச் சாதனைக்கு மறு ஆண்டான 2025ல், தடை செய்யப்பட்ட சிறுநீர்ப் பெருக்கி மருந்துக்காக மூன்றாண்டு தடை பெற்றார்.

பெண்களின் கதை இன்னும் கனமானது. மனைவி ஓடினால் கணவர் பயிற்சியாளராகி, வங்கிக் கணக்கும் நிலப் பத்திரமும் அவர் கைக்குப் போவது இங்கே அபூர்வமல்ல. 2021 செப்டம்பரில் ஆக்னஸ் டிரோப் பெண்கள் மட்டும் ஓடும் 10 கிலோமீட்டர் போட்டியில் 30 நிமிடம் 1 வினாடியில் உலக சாதனை படைத்தார். ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 13 அன்று, இட்டெனில் தன் வீட்டிலேயே கத்திக்குத்துக் காயங்களுடன் இறந்துகிடந்தார். வயது 25. கணவர்மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. அதன் பிறகுதான் வீராங்கனைகள் வாய் திறந்தார்கள். அவர் பெயரால் 'டிரோப்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கி, அடிபடும் பெண்களுக்குத் துணை நிற்கிறார்கள்.

இட்டெனைத் தலைநகராகக் கொண்ட எல்கேயோ மரக்வெட் மாவட்டத்தில் பிறந்தவர்தான் கெல்வின் கிப்டம். 2023 அக்டோபரில் சிகாகோவில் மராத்தானை 2 மணி 35 வினாடியில் முடித்து உலக சாதனை படைத்தார். நான்கு மாதம் கழித்து ஊர்ச் சாலையில் கார் விபத்தில் பயிற்சியாளருடன் பலியானார். வயது 24.

வெல்லவே முடியாதவர்கள் என்ற பெயரும் மெல்லக் கரைகிறது. ஸ்டீபிள்சேஸ் தங்கத்தை டோக்கியோவிலும் பாரிஸிலும் வென்றவர் மொராக்கோவின் சுஃபியான் எல் பக்காலி. காமன்வெல்த் போட்டிகளில் 1998லிருந்து 2018 வரை ஆறு முறை தொடர்ந்து மூன்று பதக்கங்களையும் கென்யர்களே எடுத்துக்கொண்டார்கள். 2022 பர்மிங்ஹாமில் அந்த வரிசைக்குள் ஓர் இந்தியர் புகுந்தார். மகாராஷ்டிரத்தின் வறண்ட பீட் மாவட்டத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த ராணுவ வீரர் அவினாஷ் சாப்ளே. கென்யாவின் ஆபிரகாம் கிபிவோட் எடுத்துக்கொண்டது 8 நிமிடம் 11.15 வினாடி, சாப்ளே 8 நிமிடம் 11.20 வினாடி.

சாப்ளேவும் சிறு வயதில் பஸ் வசதி இல்லாததால் ஆறு கிலோமீட்டர் நடந்தும் ஓடியும் பள்ளிக்குப் போனவர். வறுமையும் நடையும் இந்தியாவில் எத்தனையோ லட்சம் பிள்ளைகளுக்கு வாய்த்திருக்கின்றன. தடகளத்துக்கு அவர் வந்ததோ ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான். பதினைந்து வயதில் அவர் பீட் மாவட்டத்துச் சாலையில் ஓடியிருந்தால் கூட ஓட யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இட்டெனில் அதே வயதுப் பையன் ஒருவன் வியாழக்கிழமை காலை மண்சாலை முனைக்கு வந்து நின்றால் போதும். அவனுக்கு முன்னால் நூறு பேர் ஓடுவார்கள்.