ஏறும் இடம் ஒன்று, இறங்கும் இடம் இன்னொன்று... நியூசிலாந்தின் எரிமலைப் பாதை!

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் இருக்கிறது 'டோங்கரிரோ ஆல்பைன் கிராஸிங்'. காலையில் மங்காடெபோபோ என்ற இடத்தில் நடக்கத் தொடங்கினால், எரிமலை வாய்களைக் கடந்து, சுமார் 20 கி.மீ. தள்ளி மலைக்கு மறுபக்கம் கெடெடாஹியில் இறங்க வேண்டும். 7 முதல் 8 மணி நேரம் ஆகும்.

முதல் ஒரு மணி நேரம் மிகச் சுலபம். மரப்பலகை போட்ட பாதை, பக்கத்திலேயே ஓடை. பலர் ஏமாறுவது இங்கேதான். சோடா ஸ்பிரிங்ஸ் தாண்டியதும் படிக்கட்டுகள் மூச்சு வாங்க வைக்கும். ஒருகாலத்தில் இதற்கு 'சாத்தானின் படிக்கட்டு' என்றே பெயர்!

ஏறி முடித்தால் சவுத் க்ரேட்டர் என்ற பரந்த சமவெளி. பக்கத்தில் கூம்பு மாதிரி நிற்பது நவுருஹோயி எரிமலை. 'லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' படத்தில் 'மவுன்ட் டூம்' ஆக வந்தது இதுதான். மாவோரி மக்களுக்கு இந்தச் சிகரங்கள் புனிதமானவை. அதனால், அதன் உச்சிக்கு ஏற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

உண்மையான சோதனை அடுத்து வரும் ரெட் க்ரேட்டர். 1,886 மீட்டர், பாதையின் உச்சி. காற்று ஆளையே தள்ளும். கோடையிலும் திடீரென மேகம் மூடிக் குளிர் நடுக்கும். உச்சியைத் தாண்டிவிட்டால் மறுபக்கம் காலுக்கடியில் சறுக்கும் சரளைச் சரிவு. அதில் இறங்கியவர் மறுபடி மேலே ஏறித் திரும்புவது பெரும்பாடு. ஆகவே, 'போகலாமா, திரும்பலாமா' என்ற முடிவை ரெட் க்ரேட்டர் ஏறுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்ற நினைப்புதான் இந்த மலையில் ஆபத்தானது. சாதாரண நடைபாதை என்று நினைத்து வருபவர்களை எச்சரிக்கவே 2007-ல் பெயரில் 'ஆல்பைன்' என்ற சொல்லைச் சேர்த்தார்கள்.

சரிவில் இறங்கும்போதே பச்சை மரகதம் போல எமரால்டு ஏரிகள் தெரியும். கந்தக வாசனையும் கூடவே வரும். அடுத்துள்ள நீல ஏரி புனிதமானது. தண்ணீரைத் தொடவோ, கரையில் சாப்பிடவோ கூடாது. செல்ஃபிக்குத் தடையில்லை!

இது உயிருள்ள எரிமலை என்பதும் நினைவில் இருக்கட்டும். 2012 ஆகஸ்ட் 6 நள்ளிரவு நெருங்கும் நேரம், தே மாரி பகுதி வெடித்தது. பறந்து வந்த பாறைகள் கெடெடாஹி குடிலின் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தன. அப்போது மலையேறிகள் இரவில் படுத்த குடில் அது. அன்று யாரும் அங்கே தங்கவில்லை.

பாதையில் குடிநீர் கிடையாது. முழு நாளுக்கும் சுமந்துதான் போக வேண்டும். மழைக்கோட்டும் கம்பளி உடையும் கோடையிலும் கட்டாயம். கடைசி இறக்கம் முழங்காலைப் பதம் பார்க்கும். காட்டுக்குள் நுழைந்த பிறகும், 'இன்னும் எவ்வளவு தூரம்?' என்று கேட்க வைக்கும்.

சீசனில் தொடக்க இடத்தில் 4 மணி நேரம்தான் கார் நிறுத்த முடியும். அனுபவசாலிகள் முடியும் இடத்துக்குப் பக்கத்தில் காரை விட்டுவிட்டு, காலையில் ஷட்டில் பஸ் பிடித்துத் தொடக்கத்துக்குப் போகிறார்கள். மாலையில் கடைசி பஸ்ஸை நினைத்துப் பதற வேண்டியதில்லை. வானிலை மோசமென்றால் பஸ்ஸே ஓடாது. பயணத் திட்டத்தில் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.