எந்தக் கைக்கு எந்த ஸ்டிக்?

புத்தூருக்குப் பக்கம்தான் ரேணிகுண்டா. அங்கிருக்கும் திருப்பதி விமான நிலையத்தில், கம்ப்யூட்டர் திரையிலாவது தன் கையால் ஒரு விமானத்தை இறக்கிவிட நினைக்கும் புத்தூர் இளைஞருக்கு கீபோர்டு போதாது. அதற்குத் தெரிந்தது இரண்டே: அழுத்து, விடு. தரை நெருங்கும்போது மூக்கை நூலளவு தூக்க ஜாய்ஸ்டிக் வேண்டும்.

எதை வாங்குவது? கடைக்காரர் பட்டன்களை எண்ணிக் காட்டுவார். அதைவிட, உள்ளே இருப்பது என்ன என்று கேட்பது மேல். மலிவு ரகங்களில் பெரும்பாலும் பொட்டென்ஷியோமீட்டர். உரசி உரசித் தேயும். பிறகு கை வைக்காமலே விமானம் ஒரு பக்கம் சாயும். ஸ்டிக்கின் நடுப்பகுதி அசைவைக் கண்டுகொள்ளாதபடி சாஃப்ட்வேரில் செய்து சமாளிக்கலாம்தான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய அந்த நூலளவும் அதோடு போச்சு! ஹால் சென்சார் காந்தத்தை வைத்து அளக்கிறது. உரசல் இல்லை, சென்சாருக்குத் தேய்மானமும் இல்லை. விலை சற்றுக் கூடினாலும் இரண்டாவது ஸ்டிக் வாங்கும் செலவு மிச்சம்.

இன்னொன்று, கை. 1988-ல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320-ல் கேப்டனின் ஸ்டிக் இடது பக்கம்; வலது கை த்ராட்டிலில். வலக்கைக்கென்றே வளைத்த பிடி அங்கே தொல்லை. ஏடிஆர் ஓட்ட ஆசையா? அதில் ஸ்டிக்கே கிடையாது, ஸ்டியரிங் மாதிரி யோக்தான்.