மடமும் சந்தையும்: பெரி செயின்ட் எட்மண்ட்ஸ்

சென்ற இதழில் கேம்பிரிட்ஜ் கலாசாலைகளிடம் விடைபெற்ற நான், கிழக்கே செல்லும் ரயிலேறி, குதிரைப் பந்தயத்துக்குப் பெயர்போன நியூமார்க்கெட்டைக் கடந்து, சஃபோக் ஜில்லாவிலுள்ள பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்னும் சந்தை நகரத்தில் வந்திறங்கினேன். புதனும் சனியும் இங்கே சந்தை நாட்கள். நான் சென்றது புதன்கிழமையாதலால், கார்ன்ஹில்லிலும் பட்டர்மார்க்கெட்டிலும் கித்தான் கூரையிட்ட கடைகள் நெருங்கி நிற்க, காய்கறியும் மீனும் பாலாடைக்கட்டியும் வாங்க வந்த ஜனங்களால் வீதிகள் நிறைந்திருந்தன.

இந்நகரின் சரித்திரம் ஓர் அரசனின் மரணத்தில் தொடங்குகிறது. கிழக்கு ஆங்கிலியாவை ஆண்ட எட்மண்ட் 869-ஆம் ஆண்டில் டேனியரால் கொல்லப்பட்டான். கிறிஸ்தவ சமயத்தைத் துறக்க இசையாத அவனை மரத்தில் கட்டி அம்பெய்தனர் என்பது ஐதிகம். அவன் திருவுடலைக் கொணர்ந்து வைத்த இவ்விடம் புண்ணிய க்ஷேத்திரமாகி யாத்திரிகர்களை ஈர்க்க, டேனிய வமிசத்தவனான கனூட் அரசனே 1020-இல் இங்கே பெனடிக்டின் துறவிகளுக்கு மடம் அமைத்தான். பிரான்ஸ் தேசத்தவரும் வைத்திய நிபுணருமான மடாதிபதி பால்ட்வின், மடத்தின் மேற்கே குறுக்கும் நெடுக்குமாக நேரான வீதிகளை வகுத்தார். 1086-இல் எடுத்த ராஜ்யக் கணக்கில், முன்பு உழுநிலமாயிருந்த இடத்தில் 342 வீடுகள் எழுந்துவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது. அவ்வீதிகளிலேதான் இன்றும் நடக்கிறோம்.

1214-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் இம்மடாலயத்துப் பலிபீடத்தின் முன் கூடி, தங்கள் உரிமைகளை ஜான் மன்னனிடம் பெற்றே தீர்வதென்று பிரதிக்ஞை செய்தனர் என வெண்டோவர் ரோஜர் எழுதிவைத்திருக்கிறார். மறு ஆண்டே மகாசாசனம் பிறந்தது. ஆயின் பிரபுக்களுக்கு இடமளித்த அதே மடம், தன் நிழலில் வாழ்ந்த வர்த்தகர்களுக்குச் சுயாட்சி தர மறுத்தது. சந்தையும் அதன் வருமானமும் மடத்தின் உடைமையாகவே இருந்தன. மனம் கொதித்த ஊரார் 1327-இல் திரண்டு வாயிலைத் தகர்த்தனர். 1347-இல் மீண்டும் எழுந்த அக்கோபுரவாயில், நுண்ணிய சிற்ப வேலைப்பாட்டோடு அம்பெய்யும் துவாரங்களையும் உடையதாய் நிற்கக் காணும்போது, பக்தியும் பயமும் சேர்ந்து கட்டிய கட்டடம் இது என்று தோன்றுகிறது.

எட்டாம் ஹென்றி 1539-இல் மடத்தைக் கலைத்தான். 500 அடிக்கு மேல் நீண்டிருந்த ஆலயத்தின் செதுக்குக் கற்களை ஊரார் பெயர்த்துச் செல்ல, சிக்கிமுக்கிக் கல்லாலான உட்சுவர்கள் மட்டும் பூங்காவின் நடுவே குன்றுகளாக நிற்கின்றன. மேற்கு முகப்பின் இடிபாடுகளுக்குள்ளேயே பிற்காலத்தில் வீடுகள் கட்டப்பட்டு, ஜன்னல்களில் திரைச்சீலை தொங்கக் குடும்பங்கள் வாழ்கின்றன. சந்தைத் திடலருகே 1180-ஐ ஒட்டிக் கட்டிய மாய்ஸஸ் ஹால் இன்று பொருட்காட்சிசாலை. வில்லியம் வில்கின்ஸ் 1819-இல் அமைத்த ராயல் நாடகசாலையில் இன்றும் நாடகம் நடக்கிறது.

பிரபுக்கள் கேட்டது ஓராண்டில் கிடைத்தது. வாயிலைத் தகர்த்தவர்களின் சந்ததியாரோ, முதலாம் ஜேம்ஸ் 1606-இல் நகராட்சிச் சாசனம் அளிக்கும்வரை 270 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தனர். மகாசாசனத்தைப் போற்றுவோர் இந்தச் சிறிய சாசனத்தையும் போற்றுதல் தகும். எளியோர் தம் ஊரைத் தாமே ஆள்வதும் சுதந்திரத்தின் வரலாறே ஆகும்.

அடுத்து, கம்பளித் துணியால் செல்வம் கொழித்த லாவெனத்துக்குச் செல்வோம்.

(தொடரும்)