படத்துல வராத விமானம்

நேத்து டிவியில மறுபடியும் 'சூரரைப் போற்று'.
வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம்.
எனக்கு மட்டும் படத்துல வராத மிச்சக் கதைதான் மனசுல ஓடுச்சு.

அந்தப் படத்துக்கு மூலமானவர் ஏர் டெக்கான் விமான நிறுவனத்தைத் தொடங்கின கேப்டன் கோபிநாத். அது கிங்ஃபிஷர் கைக்குப் போன பிறகும் அவர் சும்மா உக்காரல.
2009-ல டெக்கான் 360.
ஆள் ஏறாத விமானம். சரக்கு மட்டும்.

நாட்டோட நடுவுல இருக்கிற நாக்பூர்தான் மையம்.
பல ஊர் பார்சலும் ராத்திரி அங்க வந்து இறங்கணும்.
பிரிச்சு, விமானம் மாத்தி ஏத்தி, விடியறதுக்குள்ள அந்தந்த ஊருக்குப் பறக்கணும்.
அமெரிக்காவுல மெம்பிஸ்ல ஃபெடெக்ஸ் கூரியர் நிறுவனம் செஞ்சு காட்டின முறை.

எவ்ளோ அழகான யோசனை!

ஆனா பாதி காலியா பறந்தாலும் எரிபொருளுக்கும் குத்தகைக்கும் காசு கொடுத்தே ஆகணும்.
லாரிக்குப் பழகின வியாபாரி விமானத்துக்கு மாற நாளாகும்.
அதுவரைக்கும் தாங்கப் பணம் வேணும்.
2010-ல ரிலையன்ஸ் முதலீடு வந்துச்சு. அதுவும் காப்பாத்தல.
2011-ல பறக்கறது நின்னுச்சு.
பாக்கி வர வேண்டியவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2013-ல நிறுவனத்தைக் கலைக்கச் சொல்லி கர்நாடக உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு.

தப்பான கனவுன்னு என்னால சொல்ல முடியல.
சீக்கிரமா வந்துட்ட கனவு.
அடுத்த சில வருஷத்துலயே வீட்டுக்கு வீடு ஆன்லைன் பார்சல் வர ஆரம்பிச்சுதே!

சரக்குத் துறையில இருக்கிற நண்பர்களே, சொல்லுங்க.
இன்னும் நாலு வருஷம் தாக்குப்பிடிச்சிருந்தா அது பிழைச்சிருக்குமா?